எழுத்துப்படின்னா முழுசா எழுத்துப்படி போங்க

கேள்வி: போன இதழ்ல பொம்பளைங்க பள்ளிவாசலுக்கு தொழ வர்றதப் பத்தி ஒரு சகோதரி எழுதியிருந்தாங்க. மார்க்கத்த எழுத்துப்படி கண்டிப்பா பின்பத்துறவங்கதான் உண்மையான முஸ்லிம். இப்படி லிபரலா விளக்கம் சொல்றவங்க கேரளாக் காத்து பட்டு மாறிப்போனவங்க. அந்தக் கட்டுரைய வாபஸ் வாங்குவீங்களா?
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: வாங்க மாட்டேன் சகோதரரே. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

எழுத்துப்படிதானே வேணும், எழுத்துப்படியே பாப்போம். அல்லாஹ்வோட அடிமைப் பெண்கள அல்லாஹ்வோட பள்ளிவாசலுக்குப் போகவிடாம தடுக்காதீங்கன்னு நபிகள் (ஸல்) சொன்னது புகாரி, முஸ்லிம்னு ரெண்டு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புலயும் இருக்கு. இத நபித்தோழர் இப்னு உமர் (ரலி) எடுத்துச் சொல்லும்போது அவரோட சொந்த மகனே எந்திரிச்சு, நாங்க தடுக்கத்தான் செய்வோம், விட்டா தப்புக்கு அதையே சாக்கா வச்சுக்குவாங்கன்னு சொல்றார். அப்ப இப்னு உமர் மகன திட்டுன மாதிரி ஒரு திட்ட தன் வாழ்நாள்ல அவர் வாயிலருந்து கேட்டதே இல்லைன்னு கூட இருந்தவரு அறிவிக்கிறார். நான் ரசூலுல்லாஹ் சொன்னத சொல்றேன், நீ தடுப்பேன்னு சொல்றியான்னு கேட்டிருக்கார். இந்த இடத்துல எழுத்துப்படி நிக்கிறது அப்பாவா மகனா?

தடுக்கிற பக்கத்துக்கு ஆதாரமே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். இன்னைக்கு பொம்பளைங்க நடந்துக்கிறத நபிகள் பாத்திருந்தா தடுத்திருப்பாங்கன்னு அவங்க மனைவி ஆயிஷா (ரலி) சொன்னதும் புகாரியிலதான் இருக்கு, பின்னால வந்த பெரிய பெரிய இமாம்கள் அத வச்சுதான் வீட்லயே தொழட்டும்னு முடிவு சொன்னாங்க. அவங்க மேல எனக்கு மரியாத உண்டு. ஆனா அவங்க செஞ்சது என்ன? காலம் மாறிருச்சு, நிலைம மாறிருச்சு, அதனால சட்டமும் மாறணும்னு சொன்னதுதானே. இதே முறையில ஒரு சகோதரி இன்னைக்கு யோசிச்சா அது லிபரல், கெட்ட வார்த்த. அன்னைக்கு ஆலிம்கள் யோசிச்சா அது கண்டிப்பு. இத எப்படி ஒத்துக்கிறது?

வாசகத்த அப்படியே புடிச்சு நின்னவர்னா கொர்தோபாவுல இருந்த இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064) மாதிரி ஆள தேடணும், கியாஸே (ஒண்ண இன்னொண்ணோட ஒப்பிட்டு சட்டம் எடுக்குறது) கூடாதுன்னவர். அவர்தான் இசைய ஹராம்னு சொல்ல சரியான ஆதாரம் இல்லைன்னார், பொம்பள காஜியா (நீதிபதியா) இருக்கலாம்னார், பள்ளிவாசலுக்கு வர்றவள தடுக்கக்கூடாதுன்னு வாதாடினார். ஒரே மூச்சுல சொன்ன முத்தலாக் ஒரு தலாக்தான்னு சொன்னது யாரு, கண்டிப்புக்குப் பேர்போன அறிஞர் இப்னு தைமிய்யா. நாலு மத்ஹபும் (சுன்னி சட்ட மரபும்) அத மூணுன்னே எடுத்துக்கிட்டு வந்துச்சு. அவர் சொன்னது, நம்ம சுப்ரீம் கோர்ட் 2017 ஆகஸ்ட்ல முத்தலாக் செல்லாதுன்னு 3-2ல தீர்ப்பு சொல்றதுக்கு ஏறக்குறைய எழுநூறு வருஷம் முன்னால.

நம்ம பக்கத்துலயே பாருங்க. தர்காவும் நேர்ச்சையும் ஷிர்க்னு (இறைவனுக்கு இணை வைக்கிறதுன்னு) கடுமையா பேசுற, கேரளாவோட சீர்திருத்த இயக்கமான முஜாஹித்காரங்க பள்ளியில பொம்பளைங்களுக்கு இடம் உண்டு, குத்பாவும் (வெள்ளிக்கிழமை உரையும்) மலையாளத்துல. தர்காவ அரவணைச்சுப் போற சுன்னி ஜமாஅத் பலதுல குத்பா அரபியில, பொம்பளைங்களுக்கு இடம் இல்ல. தக்கலையில பீரப்பா தர்காவுக்கு எங்கெங்கேருந்தோ உம்மாமாரும் பிள்ளைகளும் வர்றாங்க, அதே உம்மாமார் அவங்கவங்க ஊர் பள்ளிவாசல் நடைய மிதிக்க முடியாது. இதுல யாரு லிபரல் யாரு கண்டிப்புன்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்.

அந்த சகோதரி எழுதினது தத்துவம் இல்ல. வாப்பாவ திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ்ல காட்டிட்டு பஸ்ல திரும்பி வர்றப்ப அஸர் (சாயங்காலத் தொழுகை) நேரம் முடியப்போகுது, வாப்பா பள்ளியில போய் தொழுதுட்டு வந்துட்டார், இவங்க எதிர்த்தாப்ல ஒரு துணிக்கடையில கெஞ்சிக் கேட்டு ட்ரையல் ரூம்ல துப்பட்டாவ விரிச்சு தொழுதிருக்காங்க, சுஜூது போனா தல கண்ணாடியில முட்டுது, வெளிய ஒரு ஆள் சட்டைய கையில வச்சுக்கிட்டு கதவ தட்டுறான். தொழுகைய விட்றக்கூடாதுன்னு இவ்வளவு பாடுபட்ட பொண்ணத்தான் நீங்க மாறிப்போனவன்னு எழுதுறீங்க. எனக்கு கோவம் வந்துச்சு, மறைக்கல.

முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே 2020 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்ல, பொம்பளைங்க பள்ளிவாசலுக்கு வந்து தொழ அனுமதி உண்டுன்னு எழுதிக் குடுத்திருக்கு. அவங்கள லிபரல்னு யாரும் சொல்லமாட்டாங்க.

அப்புறம் கேரளாக் காத்துன்னு சொன்னீங்களே. களியக்காவிளையும் தக்கலையும் 1949 வரைக்கும் திருவிதாங்கூர், அதுக்கப்புறம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சிதான். குர்ஆன அர்த்தம் புரிஞ்சு படிங்க, பொம்பளப் பிள்ளைகள படிக்க வைங்கன்னு பாடுபட்ட வக்கம் மௌலவியும் அதே திருவிதாங்கூர்காரர்தான். 1905ல சுதேசாபிமானி பத்திரிகைய ஆரம்பிச்சார், 1910ல ராஜ்ஜியம் பிரஸ்ஸ பறிமுதல் பண்ணி அதோட ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளைய நாடு கடத்திச்சு. அந்தக் காத்து வெளியூர் காத்து இல்ல, நம்ம வீட்டுக் காத்து.

எந்த விளக்கத்தையும் யாரும் சொல்லலாம்னு நான் சொல்ல வரல. அரபி தெரியாம, ஹதீஸோட தரம் பாக்காம, மனசுக்குப் பட்டத மார்க்கம்னு சொல்ற கட்டுரைய நான் திருப்பி அனுப்பியிருக்கேன், இனியும் அனுப்புவேன். ஆனா உண்மையான முஸ்லிம் யாருன்னு முத்திர குத்துற வேல நமக்கு இல்ல. பனூ குரைழாங்கிற கூட்டத்தோட இடத்துக்கு போய்ச் சேராம யாரும் அஸர் தொழக்கூடாதுன்னு நபிகள் சொல்லி அனுப்புனப்ப, வழியிலயே வக்து (தொழுகை நேரம்) வந்திருச்சு. சிலர் சொன்ன வார்த்தைய அப்படியே எடுத்து தொழாம போனாங்க, சிலர் சீக்கிரம் போகச் சொன்னதுதான் அர்த்தம்னு வழியிலயே தொழுதாங்க. விஷயம் நபிகள்கிட்ட வந்துச்சு, ரெண்டு கூட்டத்துல ஒருத்தரையும் அவங்க கண்டிக்கல.

சகோதரியோட அடுத்த கட்டுர வர்ற இதழ்ல வருது. உங்க மறுப்ப ஆதாரத்தோட எழுதி அனுப்புங்க, அதுக்கு எதிர்ப் பக்கத்துலயே இடம் தர்றேன். அவங்க ஈமானப் (இறைநம்பிக்கைய) பத்தி எழுதுற வரிய மட்டும் எடுத்துட்டுதான் போடுவேன்.