‘எல்லாம் செய்வான் டாக்டர்’
வாசகர் கேள்வி–பதில்

மாற்றுத்திறனாளிகளுக்கும் நீண்டநாள் நோயாளிகளுக்கும் சொந்த ஊரிலேயே கிடைக்கக்கூடிய உதவிகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 29 வயது. 11 வருடமாக மனச்சிதைவு நோய். முதலில் தனியாரிடம் பார்த்தோம். 3 வருடமாக அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறோம். மெடிக்கல் போர்டுக்குக் கூட்டிப்போனபோது, “தானே குளிப்பாரா, சாப்பிடுவாரா?” என்று கேட்டார்கள். “எல்லாம் செய்வான் டாக்டர்” என்றேன். குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்று சான்று கொடுத்துவிட்டார்கள். உதவித்தொகைக்கு 40 வேண்டுமாமே? இனி என்ன செய்வது?
– வாசகி, விருதுநகர்

பதில்: பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்காமல் பேசுவது தாயின் இயல்பு. ஆனால் போர்டில் அந்த ஒரு சொல்தான் உங்கள் மகனுக்குப் பாதகமாகிவிட்டது. “செய்வான்” என்பது ஒன்று, “நாலு தடவை சொன்னால் செய்வான்” என்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைத்தான் போர்டு அளக்கிறது.

மனநோய்க்கு ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோல் உண்டு. தன்னைக் கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். சிரமமே இல்லையென்றால் 0, லேசான சிரமம் 1, முற்றிலும் முடியாதென்றால் 4. இதோடு நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் சேரும். 2 வருடத்துக்குக் குறைவு என்றால் 1, ஐந்து வருடம் வரை 2, பத்து வருடம் வரை 3, அதற்கு மேல் 4. மொத்தம் 20. இதில் 7 முதல் 13 வரை வந்தால் 40 முதல் 70 சதவீதம். 6 வந்தால் 40-க்குக் கீழே.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு பகுதிகளிலும் லேசான சிரமம் என்று தலா 1 கிடைத்திருந்தால் 4. போர்டின் கையில் இருந்த ஓ.பி. சீட்டு 3 வருடத்துக்கு உரியது மட்டும் என்றால் காலத்துக்கு 2. கூட்டினால் 6. நோய் 11 வருடமாக இருப்பதற்குச் சான்று காட்டியிருந்தால் காலத்துக்கு 4. மொத்தம் 8 ஆகி 40-ஐத் தாண்டியிருக்கும். ஆகவே முதல் வேலை, பழைய தனியார் மருத்துவரின் சீட்டுகள், அட்மிட் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை ரசீது எல்லாவற்றையும் பீரோவிலிருந்து எடுத்துத் தேதிவாரியாக அடுக்குவது. தொலைந்துபோயிருந்தால், முதன்முதலில் எந்த மாதம் பார்த்தார், என்ன நோய் என்று கண்டார் என்பதை அந்த மருத்துவரிடமே அவருடைய லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, 40 பக்க நோட்டு ஒன்றில் 2 வாரத்துக்குத் தினமும் குறித்துவையுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், குளிக்க எத்தனை தடவை சொன்னீர்கள், துணியை யார் எடுத்துக்கொடுத்தது, கடைக்கு அனுப்பினால் சரியான சில்லறையோடு திரும்பினாரா, வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசினாரா, வேலைக்குப் போனால் எத்தனை நாள் நிலைத்தார், மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்கும்வரை பக்கத்தில் நிற்கிறீர்களா. கூட்டி எழுத வேண்டாம். குறைத்துச் சொல்லாமல் இருந்தால் போதும். மாத்திரை போட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரத்தைத்தான் போர்டு பார்க்கிறது. மற்ற பொழுதெல்லாம் எப்படி என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

பிறகு மறுமதிப்பீடு கேட்டு, கலெக்டர் அலுவலக வளாகத்தில் விசாரித்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனுக் கொடுங்கள். சான்று பற்றிய முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவில் இருக்கிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, நகலில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். 40 சதவீதம் வந்ததும் வருவாய்த் துறையின் மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகைக்கு, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரைப் பாருங்கள். இதற்கிடையில் இரவில் மகனுக்கு நிலை மோசமானால் 14416-க்கு அழைக்கலாம். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, பக்கவாதம் வந்து 2 மாதம் ஆகிறது. வலது கை, கால் வரவில்லை. எங்கள் கிராமத்திலிருந்து டவுனுக்குப் போய் பிசியோதெரபி செய்ய ஆட்டோவுக்கே கட்டுப்படியாகவில்லை. முதுகுக்குக் கீழே சிவந்திருக்கிறது.
– வாசகர், பெரம்பலூர்

பதில்: சிவப்பை முதலில் பாருங்கள். அந்த இடத்தை விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. கறுத்த தோலில் நிறமாற்றம் தெரியாது; சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கல்லுப்போலக் கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அழுத்தியும் வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். இன்றிலிருந்து அந்த இடத்தில் உடல் பாரம் விழவே கூடாது. 2 மணி நேரத்துக்கு ஒரு முறை இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாற்றிப் படுக்கவையுங்கள். நேராக நிமிர்த்தாமல் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்து. சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். சைக்கிள் டியூப், வளையத் தலையணை வைப்பதையும் விட்டுவிடுங்கள். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் ரத்தத்தை நிறுத்தி, நடுவில் இருக்கும் தோலை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். இழுத்து நகர்த்தாமல், அடியில் விரித்த போர்வையை இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

பிசியோதெரபிக்கு டவுனுக்கு அலைய வேண்டியதில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்றே பலர் நினைக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவதும், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வலி நிவாரணச் செவிலியர் வந்து பார்ப்பதும் அதே திட்டம்தான். உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடமோ, மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடமோ அப்பாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி நகலையும் கொடுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் தினமும் வரமாட்டார். அவர் வரும் நாளில் வீட்டில் ஒருவர் கூடவே நின்று பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். முடிந்தால் போனில் வீடியோ எடுத்துவையுங்கள். முதல் சில மாதங்களில்தான் கை, காலில் மாற்றம் வேகமாக வரும், அந்தக் காலத்தை வீணாக்கக் கூடாது. இன்னொன்று, எழுப்பி உட்காரவைக்கும்போது வராத கையைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். தசை பிடிப்பு இல்லாத தோள்பட்டை மூட்டிலிருந்து இறங்கிவிடும். பிறகு அந்த வலியே பயிற்சியைத் தடுத்துவிடும். தோள்பட்டைக்குப் பின்னால் கைகொடுத்துத் தூக்குங்கள்.

கேள்வி: முதுகெலும்பு அடிபட்ட என் மனைவிக்கு முகாமில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். ஒரு பக்கமாகச் சரிந்தே உட்காருகிறார். பாத்ரூம் வாசலில் நாற்காலி நுழையவும் இல்லை. திருப்பிக் கொடுத்து மாற்ற முடியுமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: சரிவது அவர் பழக்கமில்லை, நாற்காலியின் அளவு. முகாம்களில் பெரும்பாலும் 18 அங்குல இருக்கைதான் வரும். மெலிந்தவர்களுக்கு அது தொட்டில் மாதிரி. ஒரு கைப்பிடியில் சாய்ந்தால்தான் நிலைகொள்ள முடியும். சாயும் பக்கத்து எலும்பில் பாரம் முழுவதும் இறங்கும். உணர்ச்சி இல்லாத உடம்பு என்பதால் புண் வருவதும் தெரியாது.

மரநாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து டேப்பால் அளங்கள். இடுப்பின் அகன்ற இடத்தோடு ஓர் அங்குலம் சேர்த்தால் இருக்கையின் அகலம். பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து அதில் 2 அங்குலம் குறைத்தால் ஆழம். குறைக்காவிட்டால் இருக்கையின் முனை முழங்கால் மடிப்பில் குத்தி, அவர் முன்னால் வழுக்கிக்கொண்டே வருவார். கால் வைக்கும் தட்டு, தொடை முழுவதும் இருக்கையில் படியும் உயரத்தில் இருக்க வேண்டும். தட்டை ரொம்ப மேலே ஏற்றினால் முழங்கால் தூக்கிக்கொண்டு பாரமெல்லாம் பின்புற எலும்புக்குப் போகும். தட்டுக்கும் தரைக்கும் 2 அங்குல இடைவெளி வேண்டும்.

அடுத்தது மெத்தை. மடிக்கும் நாற்காலியின் ரெக்சின் நாளாக ஆக ஊஞ்சல்போலத் தொய்ந்துவிடும். தொய்ந்திருந்தால் அளவாக வெட்டிய பிளைவுட் பலகையைப் போட்டு, அதன்மேல் அழுத்தமான ஃபோம் வையுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை: அவர் உட்கார்ந்திருக்கும்போது, பின்புற எலும்பு படும் இடத்தில் உங்கள் உள்ளங்கையை மேலே பார்த்தபடி நுழையுங்கள். விரல் நுனியை மேலும் கீழும் அசைக்க முடிந்தால் நல்லது. அசைக்க முடியாமல் கையை மட்டும் உருவ முடிந்தால் எச்சரிக்கை. உருவவே சிரமப்பட்டால் அந்த மெத்தையில் அவரை உட்காரவைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். எந்த மெத்தையானாலும் அரை மணிக்கு ஒரு முறை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து பாரத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். நாற்காலி மாறும்வரை இரண்டு பக்கமும் கெட்டியான ஃபோம் கட்டைகளைச் செருகுங்கள். துணித்தலையணை அமுங்கிவிடும், பயனில்லை.

பாத்ரூம் வாசலுக்கு வருவோம். 18 அங்குல இருக்கை என்றால் சக்கரம், தள்ளும் வளையம் எல்லாம் சேர்த்து வெளி அகலம் ஏறக்குறைய 26 அங்குலம். நம் வீடுகளின் பாத்ரூம் கதவு பல இடங்களில் 2 அடி, இரண்டே கால் அடிதான். சிறிய இருக்கை வந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டால் கதவின் கனமும் மிச்சம். படிக்குச் சாய்தளம் போடுவதானால் 1-க்கு 12 கணக்கு: 6 அங்குல வாசல்படிக்கு 6 அடி நீளம். கொத்தனார் “3 அடி போதும்” என்பார். 3 அடி போட்டால் பின்னால் ஒருவர் தள்ளாமல் உங்கள் மனைவியால் ஏற முடியாது.

மாற்றுவதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், மேலே சொன்ன அளவுகளையும் அவர் சரிந்து உட்கார்ந்திருக்கும் போட்டோவையும் சேர்த்து மனுக் கொடுங்கள். மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் பெரியவர்களுக்குப் பொதுவாக 3 ஆண்டுக்கு ஒரு முறைதான் கிடைக்கும். அதனால் அடுத்த முறை அளவெடுக்கும் முகாமுக்கு அவரையே கூட்டிப்போங்கள். முதலில் அளவெடுக்கும் முகாம், பின்னொரு நாள் வழங்கும் முகாம் என்று இரண்டு கட்டமாக நடக்கும். சான்றை மட்டும் கொண்டுபோனால் கையிருப்பில் உள்ளதுதான் எழுதப்படும். சென்னைக்கு வர வாய்ப்பிருந்தால் கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் காட்டலாம்.

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள மகளுக்கு 19 ஆகிறது. இத்தனை நாள் நாங்களே கையெழுத்துப் போட்டோம். இப்போது வங்கியில் பாதுகாவலர் சான்று கேட்கிறார்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டுமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: வேண்டியதில்லை. 18 முடிந்ததும் பெற்றோர் என்ற முறையில் போட்ட கையெழுத்து செல்லாது. ஆனால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். நியமனமான 6 மாதத்துக்குள் மகள் பெயரில் உள்ள சொத்துப் பட்டியலையும், பிறகு ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவையும் குழுவிடம் கொடுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இதே நான்கு குறைபாடுகளுக்கு ‘நிராமயா’ என்ற 1 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடும் உண்டு, தெரபி செலவுக்கும் சேர்த்து. மார்ச் 31-க்குள் புதுப்பிக்க மறக்காதீர்கள். மனநோய்க்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

கேள்வி: மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டைக்கு இணையதளத்தில் விண்ணப்பித்து 5 மாதமாகிறது. எந்தத் தகவலும் இல்லை.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: விண்ணப்பத்தில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் எண்ணைப் போட்டுவிடுவது வழக்கம். போர்டுக்கு வரச்சொல்லும் குறுஞ்செய்தி அவர் போனுக்குப் போயிருக்கும். எண் சரிதான் என்றால், பதிவு எண்ணோடு விண்ணப்பத்தில் குறித்த மருத்துவமனைக்கு நேரில் போய் உங்கள் குறைபாட்டுக்கான போர்டு எந்தக் கிழமை என்று கேளுங்கள். காது, கண், எலும்பு, மனநலம் ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் வேறு, நாளும் வேறாக இருக்கலாம். ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலும் விண்ணப்பத்தில் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். அட்டை வந்ததும் அதிலுள்ள பட்டையின் நிறத்தைக் கவனியுங்கள்: குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம்.