"இன்டர்வியூ என்றால் என் மகனுக்கு விளையாட்டாக இருக்கிறது!"

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். என் கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். மூத்தவள் பெண், இரண்டு வருடத்துக்கு முன்பு கட்டிக்கொடுத்துவிட்டோம். இளையவன் மகன், வயது 18. பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்தான். இப்போது கடைசி வருடம். அரியர் ஒன்றும் இல்லை. இந்த மாதக் கடைசியில் ஒரகடத்திலிருந்து ஒரு கம்பெனி கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கப்போகிறது. அவனுக்கு இதுதான் முதல் இன்டர்வியூ. ஆனால் அவனைப் பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

முடி வெட்டிக்கொள் என்று எத்தனை நாளாகச் சொல்கிறேன், கேட்கவில்லை. நானே அளவெடுத்து வெளிர்நீலத்தில் ஒரு சட்டை தைத்துவைத்தேன். ஒரு தரம் போட்டுக் காட்டு என்றால், "அளவு சரியாகத்தான் இருக்கும் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஊருக்கே தைத்துக்கொடுக்கிற எனக்கு என் பிள்ளைக்குத் தைத்ததைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. எப்போது பார்த்தாலும் ஃபோன். என் நாத்தனார் மகன் போன வருடம் இதே படிப்பை முடித்து ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குச் சேர்ந்தான். மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். நாத்தனார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். ஆனாலும் நாத்தனார் மகனிடம் கேட்டு, என்னென்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வாங்கினேன். இரவு மெஷினை மூடிய பிறகு நான் கேட்பேன், அவன் சொல்ல வேண்டும். வெர்னியர் காலிப்பரில் லீஸ்ட் கவுன்ட் என்ன என்றால் 0.02 மில்லிமீட்டர் என்று பட்டென்று சொல்கிறான். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கும் வித்தியாசம் கேட்டால் கையை ஆட்டி ஆட்டி விளக்குகிறான். நைட் ஷிஃப்டுக்கு வருவாயா, வெளியூரில் தங்குவாயா என்றாலும் சரி என்கிறான். மேலே படிக்கப் போவாயா என்ற கேள்விக்கு மட்டும் வாயைத் திறப்பதில்லை. "இல்லை சார், எனக்கு வேலைதான் முக்கியம்" என்று நோட்டில் எழுதியே இருக்கிறது. அதைப் பார்த்துப் படிக்கக்கூட மாட்டேன் என்கிறான். தண்ணீர் குடிக்க எழுந்து போனால் திரும்பி வருவதில்லை. அது போகட்டும், ஆங்கிலம்தான் பெரிய பிரச்சினை. தன்னைப் பற்றி நாலு வரி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறான்.

அரசு தருகிற தமிழ்ப் புதல்வன் பணம் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்கில்தான் விழுகிறது. அதை எடுத்து நல்ல ஷூ ஒன்று வாங்கு என்றேன். தொட மாட்டேன் என்கிறான். எதற்குச் சேர்க்கிறாய் என்றால் பதில் இல்லை. தேய்ந்த செருப்போடு போய் நின்றால் யார் வேலை கொடுப்பார்கள்?

அவன் அப்பாவிடம் சொன்னால், "அவன் இஷ்டம், விடு" என்பார். எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மூத்தவள் கல்யாணத்துக்கு வைத்த நகை இன்னும் கூட்டுறவு சங்கத்தில் கிடக்கிறது. குழுவில் எடுத்த கடனுக்கு வாராவாரம் தவணை. இவன் சம்பளம் வந்துவிட்டால் ஒரு வருடத்தில் நகையைத் திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளை மனசு கஷ்டப்படக் கூடாது என்று அவனிடம் இதையெல்லாம் சொன்னதில்லை.

என் மகனுக்கு எப்படிப் பொறுப்பு வரவைப்பது? கூச்சமா, பயமா, சோம்பேறித்தனமா என்றே எனக்குப் புரியவில்லை. முடியாவது வெட்டிக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முடி, சட்டை, ஷூ, ஃபோன், ஆங்கிலம், நாத்தனார் என்று உங்கள் கடிதத்தில் குறைகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நான் பதில் எழுதப்போவதில்லை. "அது போகட்டும்" என்று நீங்கள் தாண்டிப் போனீர்களே, அந்த இடத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை.

பயப்படுகிற பிள்ளை எல்லாக் கேள்விக்கும் தடுமாறுவான். சோம்பேறிப் பிள்ளை நீங்கள் நோட்டை எடுக்கும்போதே படுத்துவிடுவான். உங்கள் மகன் நாள் முழுக்கக் கல்லூரியில் இருந்துவிட்டு வந்து, ராத்திரி உங்கள் எதிரில் உட்கார்ந்து, உங்களுக்கே புரியாத இன்ஜினைக் கையாட்டி விளக்குகிறான். நைட் ஷிஃப்டுக்குக்கூடச் சரி என்கிறான். இவனுக்கா பொறுப்பு இல்லை? அவன் நின்றுபோவது ஒரே ஒரு கேள்வியில். மேலே படிக்கப் போவாயா?

இந்தக் கேள்வியை உங்கள் வீட்டில் யாராவது, பதிலைத் தெரிந்துகொள்வதற்காக, அவனிடம் எப்போதாவது கேட்டதுண்டா? கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். அப்படி ஒரு வரி இல்லை. முதல் தடவையாக நீங்கள் கேட்டபோதே "இல்லை சார்" என்ற பதில் வேறு ஒருவர் கையெழுத்தில் தயாராக இருந்திருக்கிறது. கேட்பது அம்மா, பதிலில் இருப்பது 'சார்'. அந்த வரியை நாளைக்கு ஒரு அதிகாரியிடம் ஒருவேளை அவன் சொல்லிவிடுவான். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனால் முடியவில்லை. இதை நான் குறையாக நினைக்கவில்லை.

நிறுவனங்கள் அதை ஏன் கேட்கின்றன என்பது உங்கள் மகனுக்கு நன்றாகத் தெரியும். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர முடியும். அதற்கான கலந்தாய்வைப் பல ஆண்டுகளாகக் காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரி நடத்திவந்திருக்கிறது. வேலைக்கு எடுத்துப் பழக்கிய பையன்கள் சேர்க்கைக் காலம் வந்ததும் அந்தப் பக்கம் போய்விடுவார்களோ என்ற கவலை கம்பெனிக்காரர்களுக்கு. பாலிடெக்னிக் கடைசி வருட மாணவர்கள் கூடினால் இதைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டார்கள். உங்கள் மகன் காதிலும் அது விழுந்திருக்கும்.

அடுத்தது, அவன் தொடாமல் வைத்திருக்கும் பணம். எதற்காக என்று எனக்குத் தெரியாது. பழைய பைக் ஒன்று வாங்குவதற்காகவும் இருக்கலாம். ஆனால் படிக்கும் பிள்ளைகளுக்கென்று அரசு கொடுக்கும் பணத்தில் ஒரு ஷூ வாங்கவும் மனம் வராத பையனைப் பொறுப்பில்லாதவன் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இனி எழுதப்போவது உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். அவன் மனம் வருந்தக் கூடாது என்று கடனை மறைத்ததாகச் சொல்கிறீர்கள். வாரத் தவணைக்கு ஆள் வந்து திண்ணையில் உட்காரும் வீட்டில், 18 வயதுப் பிள்ளைக்குக் கடன் இருப்பது தெரியாது என்று உண்மையிலேயே நம்புகிறீர்களா? அக்காவின் கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவின் கழுத்தில் எது இல்லை என்று அவன் பார்த்திருக்க மாட்டானா? நீங்கள் சொல்லாமல் இருப்பதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கடனைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் அவனும் ஏதாவது பேசுவான். "நான் படிக்கிறேன் அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், முடியாது என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு உங்களுக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் அந்த வேலையை நாத்தனார் மகனின் நோட்டிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். அவனும் உங்களைப் போலத்தான். கேட்டால் உங்களுக்குக் கஷ்டம் என்று கேட்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறான்.

நான் அவன் பக்கம் மட்டும் பேசுவதாக நினைக்க வேண்டாம். வீட்டுக் கஷ்டத்துக்காக மகனை வேலைக்குப் போகச் சொல்வதில் தவறே இல்லை. "எனக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, நீ கொஞ்ச காலம் தோள் கொடு" என்று கேட்கிற உரிமை உங்களுக்கு முழுமையாக இருக்கிறது. அப்படிக் கேட்கப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் மறுப்பதில்லை. கேட்காமலே எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டே, வீட்டுக்கு ஃபோன் செய்யப் பிடிக்காமல் இருக்கிற இளைஞர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் யாரும் பணம் போனதற்காக வருத்தப்பட்டதில்லை. "என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்றுதான் சொல்வார்கள்.

உங்கள் கணவரையும் விட்டுவிட முடியாது. "அவன் இஷ்டம்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. இஷ்டம் என்ன என்று கேட்காதவர் அதைச் சொல்லக் கூடாது. ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

மூவரும் உட்காருங்கள். நகைக்கு எவ்வளவு வட்டி, குழுவுக்கு எத்தனை தவணை பாக்கி என்று முதலில் உங்கள் கணக்கை அவன் முன் வையுங்கள். பிறகு, நோட்டு இல்லாமல், அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அவன் பேசத் தொடங்கியதும் நாத்தனார் மகனை உதாரணம் காட்டாதீர்கள். இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பேச்சுக்கு உதவும் என்பதால் சில விவரங்கள். படிப்பா வேலையா என்று இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. வேலையில் இருக்கும் டிப்ளமோக்காரர்களுக்காகப் பகுதி நேர பி.இ. வகுப்புகள் கோவை, சேலம், திருநெல்வேலி போன்ற ஊர்களின் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் இருக்கின்றன. ஒரகடத்தில் இருந்துகொண்டு அங்கே படிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் கோவை, சேலம் பக்கமும் கம்பெனிகள் இருக்கின்றன. முதல் வேலை எந்த ஊரில் என்று யோசிக்கும்போது இதையும் சேர்த்து யோசிக்கலாம்.

இன்னொன்று, உங்கள் ஒரு வருடக் கணக்கு. ஒரகடம் பக்கம் டிப்ளமோ முடித்தவர்களைப் பல இடங்களில் முதலில் அப்ரண்டிஸாகத்தான் எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் ஓராண்டுப் பயிற்சி. கையில் வருவது பயிற்சி உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. அறை வாடகையும் சாப்பாடும் போக அதில் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். எடுக்கிறார்கள் என்றால் அப்ரண்டிஸா, டிரெய்னியா, எத்தனை மாதம் என்று அவனே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவைக்கச் சொன்னால் கொடுக்க வேண்டாம். பின்னால் கல்லூரியில் சேர அவைதான் வேண்டும்.

நேர்முகத் தேர்வில் அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது? வீட்டில் பேசி முடித்த பிறகு அவனுக்கே ஒரு பதில் கிடைக்கும். "இப்போது வேலை கற்றுக்கொள்ளத்தான் வருகிறேன், சில வருடம் கழித்துப் பகுதி நேரமாகப் படிக்க ஆசை இருக்கிறது" என்பது போல ஏதாவது. எல்லா அதிகாரிக்கும் அது பிடிக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஒருவர் பிடிக்கவில்லை என்று ஒதுக்கலாம். அந்த ஒரு கம்பெனியோடு உலகம் முடிந்துவிடாது. ஆங்கிலத்தில் நாலு வரிக்குப் பதில் மூன்று வரி போதும். இன்ஜினை விளக்கத் தெரிந்தவனுக்கு மூன்றாவது வரியில் நின்றதால் வேலை போகாது.

ஒருவேளை அவன், "மேலே படிக்க எனக்கு ஆசையே இல்லை அம்மா, அந்த நோட்டைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, அவ்வளவுதான்" என்று சொன்னால் அதை நம்புங்கள். என் கணிப்பு தவறு என்று வைத்துக்கொண்டு, நோட்டை நாத்தனார் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடன் கணக்கை அவனிடம் காட்டியது அப்போதும் வீண்போகாது.

முடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முந்தின நாள் கூட்டாளிகளோடு போய் வெட்டிக்கொண்டு வருவான். கல்லூரியில் அன்றைக்கு எல்லாப் பையன்களும் அதைத்தான் செய்வார்கள். ஷூவுக்காக அவன் கணக்கில் கை வைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு நண்பனிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்