பழைய நார்த்தூளில் மறுபடியும் கீரை போடலாமா?

கேள்வி: மொட்டை மாடியில் 8 பைகளில் தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்து சிறுகீரை, தண்டுக்கீரை போடுகிறேன். முதல் இரண்டு முறை செழிப்பாக வந்தது. இப்போது முளைத்த நாலைந்து நாளில் தண்டு அடியில் சூம்பி, கொத்துக் கொத்தாகச் சாய்கிறது. உரம் கூடுதலாகப் போட்டும் பயனில்லை. தூளைக் கொட்டிவிட வேண்டியதுதானா?
- வாசகி, தாம்பரம்

பதில்: கொட்ட வேண்டாம், உரத்தையும் நிறுத்துங்கள். நீங்கள் சொல்வது நாற்றழுகல். நார்த்தூள் போகப் போக மக்கிப் பொடியாகிவிடும். பொடி நீரைப் பிடித்துக்கொள்ளும், காற்றை விடாது. அந்த ஈரத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். இரண்டு சொட்டு வந்தால் சரி. தாரையாக ஒழுகினாலோ, களிபோல் விரலில் ஒட்டினாலோ காற்றோட்டம் போய்விட்டது.

தூளை வெயிலில் பரப்பி உலர்த்தி, அரை அங்குலக் கண் சல்லடையில் சலியுங்கள். பழைய வேர்களை எடுத்துவிடுங்கள். அழுகும் வேர்தான் அடுத்த நோய்க்கு வித்து.

அடுத்தது உப்பு. பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உரமும் போர் தண்ணீரும் விட்டுப்போனது. தூளைக் கோணிப்பையில் போட்டு, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர் ஊற்றி வடியவிடுங்கள். மழைநீர் கிடைத்தால் உத்தமம். டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) இருந்தால் ஊற்றும் நீரையும் வடியும் நீரையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 300-க்குள் வரும்வரை கழுவுங்கள். போர் தண்ணீரே 1,500 காட்டும் வீட்டில் எத்தனை முறை கழுவினாலும் வடியும் நீர் 1,500-க்குக் கீழே இறங்காது.

கழுவிய தூளை ஈரத்தோடு அரையடி உயரத்துக்குப் பரப்பி, நிறமில்லாத பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, சித்திரை வெயிலில் 4 முதல் 6 வாரம் விடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் பூஞ்சை செத்துவிடும். கறுப்புத் தாளில் அந்தச் சூடு உள்ளே இறங்காது. பலர் தவறுவது இங்கேதான். மழைக்காலத்தில் இது நடக்காது, தூளை உலர்த்தி மூட்டை கட்டி வையுங்கள்.

நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியைச் சூடேற்றுவதற்கு முன்னால் போட்டால் அதுவும் செத்துவிடும். தூள் ஆறிய பிறகு, 5 கிலோ மண்புழு உரத்தில் 100 கிராம் கலந்து, ஈரக் கோணி போர்த்தி நிழலில் ஒரு வாரம் வைத்துச் சேருங்கள். பைக்கான கலவை இது: பழைய தூள் 2 கூடை, கழுவிய புதுத்தூள் 1 கூடை, இந்த உரம் 1 கூடை, ஆற்று மணல் அரைக் கூடை, வேப்பம் பிண்ணாக்கு இரண்டு கைப்பிடி. விதையை நெருக்கித் தூவாதீர்கள், நீரைக் காலையில் மட்டும் விடுங்கள்.

ஒரு விதிவிலக்கு: அந்தப் பைகளில் முன்பு தக்காளியோ வெண்டையோ இருந்து, வேரில் முடிச்சு முடிச்சாகக் கண்டிருந்தால் அது நூற்புழு. அந்தத் தூளைக் கீரைக்கும் வேண்டாம், வாழைக்கும் வேண்டாம்.

கேள்வி: புதுத்தூள் பையில் பாலக் விதைத்தேன். முளைப்பு நன்று, ஆனால் பத்து நாளில் அடியிலை வெளிறி மஞ்சளாகிவிட்டது. பூச்சி எதுவும் இல்லை.
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: தழைச்சத்துப் பஞ்சம். மக்காத நார்த்தூளில் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 112-க்கு 1. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்கு வேண்டிய தழைச்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன. வாரம் இருமுறை பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி கலந்து வேரில் ஊற்றுங்கள். அடுத்த முறை மக்கிய தூளாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊரில் தூளுக்கா பஞ்சம்?

கேள்வி: பையில் சின்னச் சின்ன வெள்ளைக் குடைக்காளான் முளைக்கிறது. கீரைக்கு ஆபத்தா?
- வாசகி, மதுரை

பதில்: இல்லை, அது மக்கிய நாரைத் தின்று வாழ்வது. பிடுங்கிப் போடுங்கள், சமைத்துவிடாதீர்கள்.