நுழைவுத் தேர்வை முன்கூட்டியே எழுதிப் பார்க்கலாமா? கேள்வி பதில்

ராமநாதபுரம் கடலோர ஊர்களின் மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு, மேல்நிலை வகுப்புகளில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

தங்கச்சிமடம் மாணவி: ஐயா, நான் 11-ஆம் வகுப்பு படிக்கிறேன். பயிற்சிக்காக இந்த ஆண்டே நீட் எழுதலாமா?

இயலாது அம்மா. 12-ஆம் வகுப்பை முடித்தவர்களும் அந்த ஆண்டு முடிக்கவிருப்பவர்களும் மட்டுமே விண்ணப்பிக்கலாம். சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயதும் நிறைந்திருக்க வேண்டும். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினுக்கு வயது வரம்பு இல்லையே என்று சிலர் சொல்வார்கள். 12-ஆம் வகுப்பு நிபந்தனை அதற்கும் உண்டு. ஆனால் பழைய வினாத்தாளை வீட்டில் எழுதிப் பார்க்க எவருடைய அனுமதியும் தேவையில்லை. அதைக் கட்டாயம் செய்.

பாம்பன் தந்தை: 11-ஆம் வகுப்பு முடித்த மகன் வீட்டில் பழைய நீட் தாளை எழுதி 720-க்கு 130 எடுத்தான். மனம் ஒடிந்துவிட்டான். இது வேண்டாத வேலையோ?

வேண்டிய வேலைதான் ஐயா; மதிப்பெண்ணை மட்டும் பார்த்ததுதான் பிழை. 180 வினாக்களில் ஏறக்குறைய பாதி அவன் இன்னும் தொடாத 12-ஆம் வகுப்புப் பாடங்களிலிருந்து வருபவை. சரியான விடைக்கு 4, தவறானதற்கு 1 குறைவு என்பதால், தெரியாதவற்றை ஊகித்து நிரப்பியதும் அவனைக் கீழே இழுத்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய விடைத்தாளில் வேறொன்றையும் கண்டேன்: 37-ஆம் வினாவை விட்டுவிட்டு, 38-இன் விடையை 37-க்குரிய வட்டத்தில் குறித்திருக்கிறான், அங்கிருந்து 45 வரை எல்லாமே ஒரு வரிசை மேலே ஏறிவிட்டன. அந்த எட்டில் ஆறுக்கு வினாத்தாளின் ஓரத்தில் அவன் போட்ட கணக்கு மிகச் சரியாக இருக்கிறது. தேர்வறையில் நேர்ந்திருந்தால் ஓராண்டு உழைப்பைத் தின்றிருக்கும் இந்தத் தவறு இப்போதே தெரிந்தது பெரும்பேறு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும்; நீங்களும் வீட்டில் இருப்பீர்கள். ஒரு ஞாயிறு பிற்பகல் 2 மணிக்குத் தாளைக் கொடுங்கள். இம்முறை 11-ஆம் வகுப்பு வினாக்களை மட்டும் பிரித்துக் கொடுங்கள், மூன்று மணி நேரத்தையும் பாதியாக்கி 3.30 மணிக்கு வாங்கிவிடுங்கள். மறுநாள் தவறான ஒவ்வொரு விடைக்கும் எதிரே, பாடம் தெரியவில்லையா, அவசரமா, வட்டம் மாறியதா என்று அவனே எழுதட்டும்.

கீழக்கரை தாய்: மகனை வெளிநாட்டில் படிக்கவைக்க எண்ணுகிறோம். அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை 10-ஆம் வகுப்பிலேயே எழுதலாமா?

எழுதலாம் அம்மா, அதற்கு 12-ஆம் வகுப்பு நிபந்தனை இல்லை. எனினும் சில பல்கலைக்கழகங்கள் எழுதிய எல்லா முறைகளின் மதிப்பெண்களையும் கேட்பதால், முதல் ஒத்திகைக்குக் கட்டணம் செலுத்த வேண்டாம். எஸ்ஏடி தேர்வுக்கான ப்ளூபுக் செயலியில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

தொண்டி ஆசிரியர்: தமிழ்வழி மாணவர்களுக்கு எந்த மொழித் தாளைக் கொடுப்பது?

இருமொழித் தாளையே கொடுங்கள். நீட் தேர்வில் மொழிபெயர்ப்பு ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. ஆகவே தமிழில் பொருள் தெளியாத வினாவுக்கு ஆங்கில வரியையும் பார்க்கும் பழக்கம், 'முடுக்கம்' எனப் படித்தவன் அங்கே 'ஆக்சிலரேஷன்' என்பதை அடையாளம் காணும் அளவுக்கேனும், 11-ஆம் வகுப்பிலேயே வந்துவிட வேண்டும்.