மேடை நாடக நடிகராகத் தொழில் செய்ய, வசனம் மனப்பாடமாக இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. ஆனாலும் வசனத்திலிருந்தே தொடங்கலாம். மேடையில் நடக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் முளைக்கின்றன.

ஒரு நாள் பிரமாதமாக நடிப்பது பலருக்கும் கைவரும். தொழில்முறை நடிகருக்குச் சம்பளம் அதற்காக அல்ல. நாற்பதாவது காட்சிக்கு வருபவரும் முதல் காட்சியின் தரத்தையே பார்க்க வேண்டும், அதற்காகத்தான். லண்டன், நியூயார்க் வணிக அரங்குகளில் வாரத்துக்கு 8 காட்சிகள் என்பது வழக்கம். 'அன்றைக்கு மூடு வந்தால் நடிப்பேன்' என்பவர் இந்த ஓட்டத்தில் இரண்டாவது வாரமே திணறிவிடுவார்.

சரி, வசனம். புதியவர்கள் தங்கள் வரிகளுக்கு மட்டும் மஞ்சள் மை பூசி அவற்றையே உருப்போடுவார்கள். வீட்டில் தண்ணீர்பட்ட பாடாக வரும், மேடையில் திடீரென்று நின்றுபோகும். அது ஞாபகமறதி அல்ல. தன் வரியைக் கிளப்பிவிடும் எதிர் நடிகரின் வரியை அவர் படிக்கவே இல்லை. குறைந்தபட்சம் அந்த வரியின் கடைசி நாலைந்து சொற்களையாவது உங்கள் வரியோடு சேர்த்தே படியுங்கள். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: உங்களைப் பதில் பேசத் தூண்டும் சொல் எது?

எதிர் நடிகர் பேசுகிறார்: "நேத்து ராத்திரி வந்தான், சாவியை மேசைமேல வச்சான், ஒண்ணும் பேசாம போயிட்டான்." உங்கள் வரி: "எந்தச் சாவி?" இங்கே உங்களுக்குள் கேள்வி பிறக்கும் இடம் 'சாவி'. மூச்சை அங்கேயே இழுத்துக்கொள்ள வேண்டும். மிச்ச வார்த்தைகள் முடியும்வரை பொறுத்திருக்கிறீர்கள், அந்தத் தவிப்பு முகத்தில் தானாகத் தெரியும். வரி முழுதும் முடிந்தபிறகு மூச்சு இழுத்துப் பேசத் தொடங்குபவருக்கு அரை நொடி தாமதம். 200 வரிகள் கைமாறும் காட்சியில் அதுவே 100 நொடி. 'நாடகம் கொஞ்சம் இழுவை' என்று பார்வையாளர்கள் சொல்வது பல சமயம் கதையை அல்ல, இந்த அரை நொடிகளைத்தான்.

மனப்பாடம் செய்யும்போது ராகம் போடாதீர்கள். ஏற்ற இறக்கத்தோடு உருப்போட்டால் அந்த மெட்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு எதிர் நடிகர் எப்படிப் பேசினாலும் நீங்கள் அதே மெட்டில்தான் பதில் சொல்வீர்கள், இயக்குநராலும் மாற்ற முடியாது. தட்டையாகப் படியுங்கள். எதிர் நடிகரின் வரிகளை மட்டும் போனில் பதிவு செய்து, உங்கள் வரிக்கு இடம் விட்டு, நடந்துகொண்டே பேசிப் பாருங்கள். இரவில் படித்ததை மறுநாள் காலை பிரதியைத் திறக்கும் முன் ஒருமுறை சொல்லுங்கள். முரண்டு பிடிக்கும் பத்தி இருந்தால், ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் மட்டும் ஒரு தாளில் எழுதி அதைப் பார்த்துச் சொன்னால் படிந்துவிடும்.

எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று ஒத்திகையில் முடிவான பிறகு வரிகள் இன்னும் வேகமாக ஒட்டும். நடிகர்களின் நினைவாற்றலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஹெல்கா நாய்ஸ், டோனி நாய்ஸ் இருவரும் கண்டதும் இதுதான்: அசைவோடு சேர்ந்த வரிகள், நின்ற இடத்திலேயே பேசிய வரிகளைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன. 'இந்த வரியால் நான் எதிரே இருப்பவரை என்ன செய்யப் பார்க்கிறேன்?' என்று கேட்டுப் படிப்பதும் அப்படியே. மிரட்டுகிறேன், கெஞ்சுகிறேன், மழுப்புகிறேன் என்று வரிக்கு வரி ஒரு வினைச்சொல்லைப் பென்சிலில் எழுதுங்கள். 'சோகமாக' என்று எழுதினால் பயனில்லை, அதைச் செய்து காட்ட முடியாது.

ஒரு பொறி உண்டு. நாடகக் கதையின் 3வது காட்சியிலும் 7வது காட்சியிலும் யாராவது "அப்புறம்?" என்று கேட்பார்கள். ஒருநாள் 3வது காட்சியில் நீங்கள் 7வது காட்சியின் பதிலைச் சொல்லிவிடுவீர்கள், நடுவிலுள்ள கதை மொத்தமும் காணாமல் போகும். ஒரே மாதிரித் தூண்டுவரிகள் வரும் இடங்களை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, இரண்டுக்கும் வெவ்வேறு அசைவு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மீறி வரி மறந்தால் தரையைப் பார்க்காதீர்கள், எதிர் நடிகரைப் பாருங்கள். பாத்திரத்துக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டுமோ அதைச் சொந்த வார்த்தையில் கேளுங்கள். பின்னால் கதைக்குத் தேவைப்படும் பெயர், தேதி, பொருள் மட்டும் விட்டுப்போகக் கூடாது.

குரல் விஷயத்தில் நல்லெண்ணத்தோடு செய்யும் தப்புகள்தான் அதிகம். தொண்டை கட்டினால் கிசுகிசுவென்று பேசுவது ஓய்வு ஆகாது, பலருக்கு அது குரல்வளையை இன்னும் இறுக்கும். செருமிக்கொண்டே இருப்பதும் கெடுதல், ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். அந்தத் தண்ணீர் குரல் நாண்களை நேரடியாகத் தொடுவதில்லை, உடலில் கலந்துதான் போய்ச் சேர வேண்டும். எனவே காட்சிக்குப் பத்து நிமிடம் முன் ஒரு பாட்டிலைக் காலி செய்து லாபமில்லை, காலையிலிருந்தே குடித்து வரவேண்டும். மேடையேறும் முன் 15 முதல் 20 நிமிடம் குரலைச் சூடுபடுத்துங்கள். ஒரு மெல்லிய உறிஞ்சுகுழாயை வாயில் வைத்து அதற்குள் 'ஊ' என்று கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே ஐந்து நிமிடம் குரலின் சுருதியைச் சறுக்கவிட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று கத்துவதும் வீண். பெரும்பாலும் சத்தம் குறைவதில்லை, வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு மூச்சு இருப்பதில்லை. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் அந்தச் சொல் விழுந்தால் அர்த்தமே போய்விடும். கரகரப்பு இரண்டு மூன்று வாரம் நீடித்தால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

மேடையில் நிற்பதற்கென்று சில பழக்கங்கள் உண்டு. பக்கவாட்டில் திரும்பி நிற்கையில் பார்வையாளருக்குத் தள்ளியிருக்கும் கையை அசையுங்கள், அருகிலுள்ள கை முகத்தை மறைக்கும். மண்டியிட்டால் பார்வையாளர் பக்கமுள்ள முழங்காலை ஊன்றுங்கள். ஒளி வட்டத்துக்குள் இருக்கிறோமா என்பதை நெற்றியில் படும் சூட்டை வைத்துக் கண்டுபிடிப்பது பழைய நடிகர்களின் பழக்கம். எல்இடி விளக்குகள் வந்தபின் அந்தச் சூடு அவ்வளவாக இல்லை, கண்ணில் கூசும் அளவைத்தான் நம்ப வேண்டும். முழு இருட்டில் வெளியேற வேண்டிய காட்சியென்றால், இருட்டாவதற்குக் கொஞ்சம் முன்பே ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாம். அந்தக் கண் இருட்டுக்கு ஓரளவு பழகியிருக்கும், படி தெரியும். முகம் பார்வையாளருக்குத் தெரியாத நிலையில்தான் இது செல்லுபடியாகும்!

சிரிப்பு வரும் இடத்தில் அவசரப்படக் கூடாது, காத்தும் நிற்கக் கூடாது. சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியை எடுங்கள். எதிர் நடிகரின் நகைச்சுவை வரியின் கடைசிச் சொல்லில் நீங்கள் கோப்பையை நகர்த்தினால்கூட, கண்கள் அங்கே போய்விடும், சிரிப்பு செத்துவிடும். நேற்று வந்த சிரிப்பு இன்று வரவில்லையென்றால் முதலில் யார் நகர்ந்தார்கள் என்று பாருங்கள்.

நாடகம் பல வாரம் ஓடும்போது நடிப்பு மெல்ல ஊதிப்போகும். அன்றன்றைக்கு ஒரு பெருமூச்சு, ஒரு கூடுதல் பார்வை, யாருக்கும் தெரியாது. மேடை மேலாளரின் அறிக்கையில் தெரியும். ஒவ்வொரு பாகமும் எத்தனை நிமிடம் ஓடியது என்று அவர் தினமும் குறிக்கிறார். 52 நிமிடம் ஓடிய முதல் பாகம் ஒரு மாதத்தில் 56 ஆகியிருந்தால், யாரும் புது வரி எழுதவில்லை, நடிகர்கள் மௌனம் சேர்த்திருக்கிறார்கள். மருந்து: அலங்காரமில்லாமல் இரட்டிப்பு வேகத்தில் முழு வசனத்தையும் ஒருமுறை ஓட்டுவது. எங்கெங்கே தேவையில்லாமல் தங்கினோம் என்பது உடனே தெரிந்துவிடும். உங்கள் அழுகைக் காட்சிக்கு அந்த மௌனம் கட்டாயம் வேண்டும் என்று தோன்றினால் அதைத்தான் முதலில் வெட்ட வேண்டும்.

வருமானம் சீராக வராது. குரல் பதிவு, பயிற்சி வகுப்பு இவற்றோடு, மருத்துவ மாணவர்களுக்காக நோயாளியாக நடிக்கும் வேலையும் உண்டு. அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963இல் தொடங்கிய முறை அது. ஒரே நோயை ஒரே மாதிரி பல மாணவர்களிடம் நடித்துக் காட்ட வேண்டும் என்பதால் மேடைப் பழக்கம் அப்படியே கைகொடுக்கும்.

நடிகர் தேர்வுக்குப் போகையில் ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும், ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிவசனங்கள் தயாராக இருக்கட்டும். தேர்வாளரின் கண்ணைப் பார்த்து நடிக்காதீர்கள், அவரால் குறிப்பெழுத முடியாது. அவர் தலைக்குச் சற்று மேலே ஒரு புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள். "இதையே வேறு மாதிரி செய்யுங்கள்" என்றால் முதல் தடவை பிடிக்கவில்லை என்று முகம் வாடக் கூடாது. சொன்னதைக் கேட்டு மாற்றத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். பென்சிலில் எழுதிய வினைச்சொல்லை மட்டும் மாற்றுங்கள், மிரட்டியதைக் கெஞ்சுங்கள், மற்றதெல்லாம் அதன்போக்கில் மாறும்.