அண்ணன்மேல் வழக்கு இருக்கும்போது திருவிருந்து எடுக்கலாமா?

சகோதரரே, அப்பாவின் நிலத்தை அண்ணன் தனியாக அனுபவிக்கிறார், பாகப்பிரிவினை வழக்கு போட்டதிலிருந்து சபையில் திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் எடுக்கக் கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த நடுக்கமே உங்கள் விசுவாசம் உயிரோடு இருப்பதைக் காட்டுகிறது.

மன்னிப்பது வேறு, பங்கை விட்டுக்கொடுப்பது வேறு. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவின் பங்கு போக மீதி பிள்ளைகளுக்குச் சமம். அதைக் கேட்பது பாவமில்லை. ஆனால் விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதைப் பவுல் கொரிந்தியருக்குக் கடுமையாகவே எழுதியிருக்கிறார். அதை மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. மத்தேயு 18-இல் இயேசு சொல்லும் வரிசையைப் பாருங்கள்: முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு, அப்புறம்தான் சபை. நீங்கள் எடுத்த எடுப்பிலேயே வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டீர்கள்.

சரி, இப்போதாவது அண்ணன் வீட்டுக்குப் போங்கள். பத்திர நகல் கையில் வேண்டாம். அண்ணி காபி கொடுத்தால் குடியுங்கள், அண்ணனின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நிலத்தைப் பற்றி அன்றைக்குப் பேசாவிட்டாலும் பரவாயில்லை. வழக்கை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்; அங்கே சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அண்ணன் முகம் கொடுக்காவிட்டாலும், அடுத்த திருவிருந்துக்குத் தயங்காமல் போங்கள்.