ரசீது கேட்டால் ஏன் கொதிக்கிறார்கள்?

"காவடித் திருவிழாச் செலவுக்கு ரசீது கேட்டால், 'என் பக்தியையே சந்தேகப்படுகிறாயா?' என்று கோயில் பொருளாளர் கொதிக்கிறாரே, ஏன்?" என்று டர்பனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

பேச்சைத் திருப்பத்தான். நீங்கள் கேட்டது ரசீது. இப்போது விவாதம் அவருடைய மானத்தைப் பற்றி. "விடு தம்பி, பெரியவர் மனசு நோகுது" என்று நாலு பேர் சொன்னால், ரசீது அதோடு போச்சு. பாலியல் குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் இதைக் கவனித்த அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரைட், 1997-இல் 'டார்வோ' (DARVO, ஆங்கில முதலெழுத்துச் சுருக்கம்) என்று பெயர் வைத்தார்: மறுப்பது, கேட்டவரைத் தாக்குவது, கடைசியில் தானே பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவது.

நம் தென்னாப்பிரிக்காவிலேயே பெரிய அளவில் பார்த்தோமே. அதிபர் ஜூமாவுக்கு நெருக்கமாக இருந்த தொழிலதிபர்கள் குப்தா சகோதரர்கள் மீது ஊழல் புகார் கிளம்பியபோது, அவர்களுக்காக வேலை செய்த லண்டன் மக்கள் தொடர்பு நிறுவனம் பெல் பாட்டிங்கர், 'வெள்ளையர் ஏகபோக மூலதனம்', அதாவது பொருளாதாரமே வெள்ளையர் கையில் இருக்கிறது என்ற கோபத்தை ஊதிவிட்டது. ஏற்றத்தாழ்வு நிஜம், அதனால்தான் எடுபட்டது. 2017-இல் பிரிட்டனின் மக்கள் தொடர்புத் துறைச் சங்கம் அந்த நிறுவனத்தை வெளியேற்றியது.

உண்மையாகவே புண்பட்டவரும் கத்துவார். ஆனால் பெரும்பாலும் ரசீதை மேசையில் போட்டுவிட்டுக் கத்துவார்.

பக்தியைப் பற்றி வாதாடாதீர்கள். "சரி ஐயா, ரசீது எந்தத் தேதிக்குக் கிடைக்கும்?" என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள்.